சாமி இலையைத் தேடி நிலக்கோட்டைப் பக்கம்

பங்குனி மாதம், வியாழக்கிழமை. காலை ஐந்தரை மணிக்கு ஆரப்பாளையத்தில் என் வீட்டை விட்டுக் கிளம்பினேன். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் போன வருஷத்துப் பஞ்சாங்கம். பஞ்சாங்கத்தின் நடுவே இரண்டு காய்ந்த புகையிலை. மூன்று இட்லியை இலையில் கட்டிக் கொடுத்த என் மனைவி, "பொழுது சாயிறதுக்குள்ள வந்துருங்க. நாளைக்கு வெள்ளிக்கிழமை. இன்னைக்குச் சாயங்காலம் சாமி பெட்டியை இறக்கி, உள்ள இருக்கிறதையெல்லாம் துடைச்சு, தொவைச்சு வைக்கப் போறேன்" என்றாள். "சரி, வாரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவள் சொன்னது அப்போது என் காதில் சரியாக ஏறவில்லை. திரும்பி வரும்போதுதான் அது ஒவ்வொரு மைலிலும் என்னைக் குத்திக்கொண்டே வந்தது.

எதற்காகப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குலசாமி கருப்பு. கோயில் மேலூருக்குக் கிழக்கே இரண்டு மைல். சிவராத்திரிக்கு மறுநாள் காலை பங்காளிகள் எல்லாரும் கூடிப் படையல் போடுவோம். அதில் கருப்புக்கு வைக்கிற சுருட்டுக்கு இலை கொடுப்பது எங்கள் வீட்டுப் பொறுப்பு. கடையில் வாங்கிய இலை ஆகாது. நம் கொல்லையில், நம் கிணற்றுத் தண்ணீரில் விளைந்ததாக இருக்க வேண்டும். என் தகப்பனார் அதற்கென்றே ஒரு ஜாதிப் புகையிலையை வைத்து வளர்த்தார். வீட்டில் அதற்குச் 'சாமி இலை' என்றுதான் பேர். வேறு பேர் எனக்குத் தெரியாது. அதோடு ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் என்ற இரண்டையும் பக்கத்திலேயே போட்டிருந்தார். அவை அக்கம்பக்கத்தில் வெற்றிலை போடுகிறவர்களுக்குக் கொடுக்க. நான் புகையிலையை வாயில் வைத்ததில்லை. ஆனால் செடியின் மேல் எனக்குத் தகப்பனாருக்கு இருந்ததை விட ஆசை அதிகம்.

அவர் காலமான பிறகு மூன்று வருஷமாக நான்தான் பயிர் வைத்து வந்தேன். விதை தூசி மாதிரி இருக்கும். சாம்பலில் கலந்து தூவ வேண்டும். நாற்று நாற்பது நாளில் நடவுக்கு வரும். இரண்டடிக்கு ஒன்றாக நட்டு, மொட்டு எட்டிப் பார்க்கும்போது நுனியைக் கிள்ளி, பக்கத்தில் வருகிற சிம்புகளை ஒடித்து விட்டால் சத்தெல்லாம் இலைக்கு இறங்கும். விதைக்கு ஜாதிக்கு ஒரே ஒரு செடியைக் கிள்ளாமல் பூக்க விட வேண்டும். இதெல்லாம் தகப்பனார் செய்ததைப் பார்த்துக் கற்றதுதான். அவர் இன்னொன்றும் செய்வார். சாமி இலையின் விதைச் செடியில் பூந்தலையை மஞ்சள் துணிப்பை ஒன்றால் மூடிக் கழுத்தில் சுருக்கிட்டு முடிந்து விடுவார். கண்ணேறு படாமலிருக்க என்று நான் நினைத்திருந்தேன். என் கைக்கு வந்ததும் அதை நிறுத்திவிட்டேன். சாமிக்கென்று பூத்த பூவை முகம் மூடி வைப்பதா என்று மனசு ஒப்பவில்லை. துணியால் மூடாமல், செடிக்குச் சந்தனம் வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் விளக்குக் காட்டினேன். ஒவ்வொரு வருஷமும் இருப்பதில் பெரிதாக, கம்பீரமாக வளர்ந்த செடியையே விதைக்கு விட்டேன். சாமிக்கு நல்லதைத்தானே கொடுக்க வேண்டும்?

அந்த வருஷம் சிவராத்திரிக்குப் படையல் ஆனது. பெரியப்பா மகன், என் அண்ணன், அவர்தான் கருப்பு இறங்கி ஆடுகிறவர். அருள் வந்து நின்றார். சுருட்டைப் பற்ற வைத்துக் கொடுத்தேன். ஒரு இழுப்பு. அவ்வளவுதான். சுருட்டை என் காலடியில் வீசினார்.

"எவன் இலைடா இது? என் இலை எங்கடா?"

அருள் இறங்கின பிறகு அண்ணன் என்னைத் தனியாக அழைத்து, "தம்பி, நான் என்னப்பா சொன்னேன்? எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்குறாக" என்று கேட்டார். சொன்னேன். அவருக்கும் கண் கலங்கியது. பங்காளிகள் பேசி முடித்தது இது: அடுத்த சிவராத்திரிக்கும் இப்படி ஆனால், இலை கொடுக்கிற உரிமை சித்தப்பா வீட்டுக்குப் போய்விடும். உரிமை போவது கூடப் பெரிதில்லை. சாமி என்னைப் பார்த்து முகம் திருப்பினது தான் எனக்குத் தாங்கவில்லை.

கீழவாசலில் எங்களுக்குத் தெரிந்த புகையிலைக் கடைக்காரர் ஒருவர் உண்டு. அவரிடம் விசாரித்தபோது, "உங்கப்பா அந்தக் காலத்துல நிலக்கோட்டைக்கு அந்தாண்ட சவேரியார்பட்டின்னு ஒரு ஊருக்குப் போயிட்டு வருவார். கோயிலுக்குத் தெக்க, உப்புக் கிணத்து வீடுன்னு கேளுங்க" என்றார். அதனால்தான் இந்தப் பயணம்.

காலை ஆறரை மணி. வைகைக் கரையில் பஸ் நின்றது. உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் கிடையாது; கரி வாயுவில்தான் பஸ் ஓடியது. பஸ்ஸின் முதுகில் ஆளுயரத்துக்கு ஒரு கொதிகலன். அதில் கரியைப் போட்டு, மீசை நரைத்த கிளீனர் ஒருவர் விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் சுற்றின பிறகுதான் வண்டிக்கு உயிர் வந்தது. நிலக்கோட்டைக்கு இருபத்தெட்டு மைல், கட்டணம் பன்னிரண்டு அணா.

"அண்ணே, மேடு வந்தா இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். அதுக்குத் தனியா காசு வாங்க மாட்டோம்" என்றார் கிளீனர்.

"தள்ளுறதுக்கு நீங்க தர வேண்டாமா?" என்றார் பின்னால் ஒருவர். பஸ் சிரித்தது.

என் பக்கத்தில் ஒரு அம்மாள். முந்தின நாள் வெற்றிலைக் கட்டு கொண்டு வந்து மதுரையில் விற்றுவிட்டு வாடிப்பட்டிக்குத் திரும்புகிறவர். சமயநல்லூர் தாண்டும்போது இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து வெற்றிலை மடித்தார். எனக்கும் நீட்டினார். வெற்றிலையை வாங்கிக்கொண்டு புகையிலையை மட்டும் வேண்டாம் என்றேன்.

"போடுறது இல்லையா?"

"பழக்கம் இல்லம்மா. ஆனா வீட்டுல மூணு ஜாதி பயிர் வைக்கிறேன்."

அவர் மென்று கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார். "போடாத ஆளுக்குப் பொகையிலை எதுக்கு?"

"சாமிக்கு."

"அப்படிச் சொல்லு. சாமிக்கு இருக்கிற ருசி கூட உனக்கு இல்லாமப் போச்சே!" என்று அவர் சொன்ன சத்தத்தில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். பஞ்சாங்கத்தைத் திறந்து இலைகளைக் காட்டினேன். மோந்து பார்த்து, ஒன்றைத் தொட்டு, "இது நல்ல இலை. பேரு தெரியாது" என்றார். அவர் தொட்டது தகப்பனார் காலத்து இலை. மற்றது, சாமி தள்ளிவிட்ட இலை. அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சாமி தப்பாகச் சொல்லவில்லை என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

எட்டேமுக்காலுக்கு வாடிப்பட்டி. அந்த அம்மாள் இறங்கிக்கொண்டார். கட்டிக் கொண்டு போன இட்லியைத் தின்று, ஓரணாவுக்குக் காப்பி குடித்தேன். பெரியாற்றுத் தண்ணீர் நின்றுபோன காலம். அறுப்பு முடிந்த வயல்களில் ஆட்டுக் கிடை போட்டிருந்தார்கள். வலது கைப் பக்கம் சிறுமலை நீலமாக, கூடவே வருகிற மாதிரி வந்தது. அம்மையநாயக்கனூருக்கு முன்னால் ஒரு சிறிய மேட்டில் வண்டி மூச்சு முட்டி நின்றது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். அதைத் தாண்டினால் நிலத்தின் நிறமே வேறு. நெல் போய்ச் செம்மண்ணும் கமலைக் கிணறுகளும் வந்துவிடுகின்றன. வெட்டுப்பாறையை உடைத்து ஆள் கணக்கில் ஆழமாகத் தோண்டிய கிணறுகள். அதில் இரண்டு மாடுகள் நாள் முழுக்க ஏறி இறங்கி இறைக்கிற தண்ணீரில் இவ்வளவு பச்சை உண்டாக்குகிறார்களே என்று நினைத்தபோது, குழாயடியிலும் பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் சண்டை போடுகிற எங்கள் தெரு ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது.

பத்தே காலுக்கு நிலக்கோட்டை. அங்கிருந்து சவேரியார்பட்டி மூன்று மைல், நடைதான். பதினொன்றே காலுக்கு ஊர் தெரிந்தது. முதலில் மாதா கோயிலின் வெள்ளைக் கோபுரம். பிறகு அதற்குத் தெற்கே வெட்டி முடித்த புகையிலைக் காடு. அந்த வெறும் காட்டில் அங்கங்கே நாலைந்து பேர் தலைப்பாகை கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறார்கள் என்று நினைத்தேன். வேலைக்காரர்கள் வெயிலில் இப்படி நிற்பார்களா என்று கிட்டே போனால், ஆட்கள் இல்லை. செடிகள்! ஆளுயரப் புகையிலைச் செடிகள், பூந்தலையைத் துணிப்பையால் மூடிக் கழுத்தில் முடிச்சுப் போட்டு நின்றன. ஒரு வரிசையில் சிவப்புத் துணி, ஒன்றில் நீலம், ஒன்றில் வெள்ளை.

தகப்பனார் கட்டின மாதிரியே அந்த முடிச்சு.

உப்புக் கிணற்று வீட்டு முற்றத்தில் ஒரு பெண் கட்டுக்கட்டாகப் புகையிலையை அடுக்கி, கருப்பட்டித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். என்னை விட ஏழெட்டு வயது இளையவர். பெயர் ஆரோக்கியம். அவர் கணவர் சூசை, கமலை மாட்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். மதுரையிலிருந்து வருகிறேன் என்றதும் வியாபாரி என்று நினைத்துவிட்டார்கள்.

"இலை இன்னும் பதம் வரல அண்ணே. பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க."

"வாங்க வரல தாயி. அடையாளம் கேக்க வந்தேன்."

பஞ்சாங்கத்தை விரித்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். புது இலையை எடுத்து ஒரு நொடி பார்த்தார். "இது ஒண்ணுமில்லை. வட்டக்கப்பலும் இன்னொண்ணும் கலந்தது. ஆள் பெருசு, குணம் கிடையாது." பழைய இலையை எடுத்ததும் முகம் மாறியது. விரலுக்கு நடுவே தேய்த்தார், நுகர்ந்தார், வெயிலுக்கு நேரே பிடித்து நரம்பு பார்த்தார். பிறகு அடிப்பக்கத்தைப் புரட்டிவிட்டு என்னை முறைத்தார்.

"காம்புப் பக்கத்தைக் கிள்ளி எறிஞ்சிட்டீங்களே!"

"பஞ்சாங்கத்துக்குள்ள அடங்கலைன்னு..."

"நல்லா இருக்கு போங்க. ஆளுக்கு மூஞ்சி எப்படியோ, இலைக்கு அடி அப்படி. தலையை வெட்டிட்டு உடம்பைக் கொண்டாந்து இது யாருன்னு கேக்குறீங்க!"

சூசை மாட்டுக்குப் பின்னாலிருந்து சிரித்தார். பேச்சை மாற்றக் காட்டைக் காட்டி, "அந்தத் துணி கண்ணேறுக்கா கட்டியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"கண்ணேறா? தேனீக்கு அண்ணே. திறந்து விட்டா அந்தப் பூவுல உக்காந்தது இந்தப் பூவுல வந்து உக்காரும். அடுத்த வருசம் முளைக்கிறது எவன் புள்ளைன்னு யாரு சொல்லுவா? அதிலயும் கலப்புச் செடி முதல்ல தளதளன்னு பெருசா வரும். அதை விதைக்கு விட்டீங்கன்னா முடிஞ்சது."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தனம் வைத்ததும், விளக்குக் காட்டியதும், பெரிய செடியாகப் பார்த்துச் சாமிக்கென்று விட்டதும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கருப்பு சுருட்டை வீசியதையும் சொன்னேன். ஆரோக்கியம் சிரிக்கவில்லை. செம்பில் மோர் கொண்டு வந்து வைத்தார்.

"எங்கப்பா மூடித்தான் கட்டினார். நான்தான் பாவம்னு எடுத்துட்டேன். அந்த மஞ்சத் துணியை..."

"என்ன துணி?"

"மஞ்சத் துணி."

அவர் எழுந்துவிட்டார். "ஏங்க! இங்க வாங்க. மஞ்சத் துணியாம்!"

சூசை வந்தார். அவர் பேச்சு நிதானமானது. அந்த வீட்டு வழக்கத்தை அவர்தான் சொன்னார். ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு நிறத் துணி. ஊசிக்கப்பலுக்குச் சிவப்பு, வட்டக்கப்பலுக்கு நீலம், வெள்ளைவாழைக்கு வெள்ளை. விதை யாருக்காவது கொடுத்தால் துணியோடுதான் கொடுப்பார்கள். எழுத்துத் தெரியாத ஆளுக்கும் நிறம் மறக்காது என்பதற்காக. மஞ்சள், காதிலைக்கு. இலையின் அடி தண்டை இரண்டு பக்கமும் காது மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். உப்புத் தண்ணீருக்குச் சளைக்காது. சுருட்டுக்கு அதற்கு இணை வேறு கிடையாது. சூசையின் தகப்பனாரிடம்தான் என் தகப்பனார் அதை வாங்கியிருக்க வேண்டும்.

"அப்ப எங்க வீட்டு இலையைத்தான் உங்க கருப்பு இம்புட்டு நாளாப் பிடிச்சுக்கிட்டு இருந்தாராக்கும்!" என்றார் ஆரோக்கியம். "எங்க அந்தோணியாருக்குத் தெரிஞ்சா வருத்தப்படப் போறாரு."

"அவருக்கும் ஒண்ணு சுருட்டிக் கொடுத்துருவோம்" என்றார் சூசை.

மாதா கோயில் நிழலில் விளைந்த இலையை எங்கள் கருப்பு ஒரு நாளும் வேற்றாள் இலை என்று சொன்னதில்லை. அதை நினைத்து எனக்கு மெய் சிலிர்த்தது. அந்த இரண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிட்டேன். "ஒரு சிட்டிகை விதை குடுங்க தாயி. அது போதும்" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எங்ககிட்ட இல்லையே அண்ணே. கிணறு வத்தின வருசம் பூ எடுக்கிறதுக்கு முன்னாடியே கருகிப் போச்சு. அஞ்சு வருசமா இந்தக் காட்டுல மஞ்சத் துணி ஏறல" என்றார் சூசை.

வந்தது வீண் என்று எழுந்தேன். வாசலைத் தாண்டும்போது ஆரோக்கியம் பின்னால் ஓடி வந்தார்.

"அண்ணே, அந்தத் துணி எங்க?"

"சாமி பெட்டியில. அப்பா கடைசியாக் காயோட ஒடிச்சு எடுத்தாரு. காயை மட்டும் உதிர்த்துக்கிட்டு, பையைத் திரும்ப முடிஞ்சு வச்சிட்டாரு."

"தொவைச்சீங்களா?"

"சாமி துணியாச்சேன்னு தண்ணியே காட்டல."

"மகராசனா இருப்பீங்க! அதைத் திருப்பாதீங்க, வெளிய வச்சு உதறாதீங்க. மூச்சு விட்டாலே பறந்துரும். தாம்பாளத்துல வச்சுத் தையலைப் பிரிங்க. மடிப்புல ஒரு இருநூறு விதையாவது ஒட்டிக்கிட்டு இருக்கும். முளைச்சா எங்களையும் நினைச்சுக்கங்க."

அப்போதுதான் காலையில் மனைவி சொன்னது காதில் விழுந்தது. துடைச்சு, தொவைச்சு வைக்கப் போறேன்.

மூன்று மைலையும் எப்படி நடந்தேன் என்று தெரியாது. நிலக்கோட்டையில் இரண்டரை மணிக்குப் பஸ். காலையில் வந்த அதே வண்டி, அதே கிளீனர். அம்மையநாயக்கனூரில் கரி அணைந்து அரை மணி. வாடிப்பட்டியில் கொதிகலனுக்கு ஏதோ அடைப்பு, முக்கால் மணி. நானே இறங்கி விசிறியைச் சுற்றினேன்.

"என்ன அண்ணே இம்புட்டு அவசரம்? வீட்டுல விசேஷமா?"

"வீட்டுல துணி தொவைக்கிறாக."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கரி போட்டார். வழியெல்லாம், கருப்பா, ஒரு மணி நேரம் அவள் கையைப் பிடித்து வை என்று வேண்டிக்கொண்டே வந்தேன்.

ஆறரை மணிக்கு வீடு. கொல்லைக்கு ஓடினேன். கொடியில் சாமி துண்டு, விளக்குத் துணி, பட்டு, எல்லாம் சொட்டச் சொட்டக் காய்ந்துகொண்டிருந்தன. மஞ்சள் அதில் இல்லை. கிணற்றடியில் பார்த்தேன். துவைக்கிற கல்லின் மேல், காற்றில் போகாமல் ஒரு சிறு கல் பாரம் வைத்து, நனையாமலே கிடந்தது.

"இதை ஏன் தொவைக்கல?" என்றேன்.

"சுருக்கு முடிச்சு அவுக்க வரல. மாமா போட்ட முடிச்சு, அறுக்க மனசில்ல. நீங்க வந்து அவுத்துக் குடுத்தா அலசிரலாம்னு வச்சிருக்கேன்" என்றாள்.

கதவுகளைச் சாத்தி, தாம்பாளத்தில் வைத்துத் தையலைப் பிரித்தோம். மூக்குப்பொடி மாதிரி ஒரு சிட்டிகை விழுந்தது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம்.

மறுநாளே சாம்பலில் கலந்து ஒரு பழைய சட்டியில் தூவினேன். பத்தாம் நாள் பதினேழு முளைத்தன. எங்கள் கிணறும் கொஞ்சம் உப்புத்தான். கோடையிலும் விடாமல் ஊற்றினேன். வைகாசியில் இலைகள் தண்டைக் கட்டிப் பிடித்தன. குனிந்து தொட்டுப் பார்த்தேன். காது இருந்தது. இந்தத் தடவை நல்ல உயரமானதை விட்டுவிட்டு, காது சரியாக அமைந்த ஒரு நடுத்தரச் செடியை விதைக்கு விட்டு, அதே மஞ்சள் துணியைத் தைத்து நானே மூடிக் கட்டினேன். சந்தனத்தைத் தண்டில் வைத்தேன்.

அடுத்த சிவராத்திரிக்கு மறுநாள் காலை சுருட்டைப் பற்ற வைத்துக் கொடுத்தேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். விடவில்லை. விரல் சுடும் வரை இழுத்துவிட்டு, சாம்பலை என் நெற்றியில் பூசிக் கையை நீட்டினார்.

"இன்னொன்னு குடுடா."

அருள் இறங்கின பிறகு இருமிக்கொண்டே வந்து, "தம்பி, எத்தனை பிடிச்சேன்? தொண்டை எரியுது" என்றார். "ரெண்டுண்ணே" என்றேன்.

இதை எழுதுவது மறுபடி ஒரு பங்குனி வியாழக்கிழமை, அதே பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில். கிளீனர் விசிறியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். என் கொல்லை இருபதடிக்குப் பதினைந்தடி. அவர்கள் காட்டுக்கு முன்னால் அது ஒரு கைக்குட்டை. அந்த ஆழமான கிணறும், அந்தக் கை நிதானமும் எனக்கு வராது. ஆனாலும் அவர்கள் காட்டில் இல்லாத ஒன்று இன்றைக்கு என் மடியில் இருக்கிறது. மஞ்சள் துணியைச் சரிபாதியாகக் கிழித்து, ஒரு பாதியில் காதிலை விதையை முடிந்து எடுத்துப் போகிறேன். அந்த வீட்டில் விதையைத் துணியோடுதான் கொடுப்பார்கள்.